மூச்சுக்குக் காசு இல்லை!

சாகாமல் இருக்க எவ்வளவு செலவாகும்? காமர்ஸ் படிக்கிறவனுக்கு இப்படித்தானே கேள்வி வரும்! சீனாவில் 1,700 வருடங்களுக்கு முன்பே ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பெயர் கே ஹோங் (283–343). தாவோ அறிஞர். தியானத்துக்கான தாவோ மூச்சுப் பயிற்சியைப் புதிதாகக் கற்பவர் எப்படித் தொடங்குவது என்று இவர் எழுதிய 'பாவோபுட்சு' நூலில் தெளிவாக வருகிறது.

பயிற்சி அதைவிடப் பழசு. உண்மையான மனிதன் குதிகாலிலிருந்து மூச்சு விடுவான், மற்றவர்கள் தொண்டையோடு சரி என்கிறது 'சுவாங்சு' என்ற பழைய தாவோ நூல். ஆயுள் கூட வேண்டும் என்று கரடி போலவும் பறவை போலவும் உடம்பை வளைத்து மூச்சு வாங்குபவர்களை அதே நூல் கிண்டலும் செய்கிறது. கிண்டல் செய்யும் அளவுக்கு ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? 1970-களில் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168-ஐச் சேர்ந்த ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். அதில் கிடைத்த பட்டுத்துணி ஓவியத்தில் ஆணும் பெண்ணுமாக 44 பேர் இப்படிப் பயிற்சி செய்து கொண்டு நிற்கிறார்கள்!

சரி, கே ஹோங் சொல்லும் முறைக்கு வருவோம். மூக்கு வழியாக மூச்சை இழுத்து நிறுத்த வேண்டும். மனதுக்குள் 120 வரை எண்ண வேண்டும். பிறகு வாய் வழியாக மெல்ல விட வேண்டும். உள்ளே போவது அதிகம், வெளியே வருவது குறைவு. மூச்சுச் சத்தம் தன் காதுக்கே கேட்கக் கூடாது. மூக்கின் முன் ஓர் இறகை வைத்தால் அது அசையக் கூடாது. எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிரம் வரை கூட்டினால் கிழவருக்கும் தினம் ஒரு நாள் வயது குறையுமாம். (ஆயிரம் வரை யாரும் முயற்சி செய்ய வேண்டாம். மூளைக்கு ஆக்ஸிஜன் வேண்டும்!) கருவில் இருக்கும் குழந்தையைப் போல மூக்கும் வாயும் இல்லாமல் சுவாசிப்பதுதான் இதன் உச்சம். அதனால் பெயரே 'கரு மூச்சு'. மனிதர்கள் பதற்றக்காரர்கள், அதனால்தான் சிலருக்கே இது கைகூடுகிறது என்றும் சொல்கிறார்.

ஆனால் ஒரு விஷயம். கே ஹோங்குக்கு மூச்சு இரண்டாம்பட்சம்தான். சாகாவரம் தருவது ரசவாத மருந்து என்றே அவர் நம்பினார். தங்கம், சாதிலிங்கம் எல்லாம் வாங்க வேண்டுமே? செய்முறை கைக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகியும் காசில்லாமல் பெருமூச்சு விடுவதாக அவரே எழுதியிருக்கிறார்.

காசு இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? தாங் வம்சத்துப் பேரரசர்கள் முசோங் (824), வூசோங் (846), சுவான்சோங் (859) மூவரின் சாவுக்கும் இந்த மருந்துகளே காரணம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். சாதிலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள். நாட்டிலேயே பெரிய பணக்காரர்கள் காசு கொடுத்து விஷம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள்!

பிறகு மெதுவாகப் பார்வை மாறியது. உலை வெளியே இல்லை, அடிவயிறுதான் உலை. மருந்துச் சரக்கு உடம்பின் சத்தும் மூச்சும் மனமும். இதற்கு 'உள் ரசவாதம்' என்று பெயர். இதன் முக்கிய நூல்களில் ஒன்றை 1075-ல் சாங் போதுவான் எழுதினார். வெறுமனே மூச்சை அடக்கினால் போதாது, மனமும் அடங்க வேண்டும் என்பது இந்த வழியினரின் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் காசநோயிலிருந்து மீண்ட ஜியாங் வெய்ச்சியாவ், அடிவயிற்றில் கவனம் வைத்து அமரும் முறையை மந்திர தந்திரப் பேச்சு இல்லாமல் எளிமையாக 1914-ல் புத்தகமாக எழுதினார். 1950-களில் சீன அரசே 'சீகோங்' என்ற பெயரில் மூச்சுப் பயிற்சியை மருத்துவ நிலையங்களில் கற்றுக் கொடுத்தது. சாகாவரப் பேச்சு போய்விட்டது, மூச்சு மட்டும் நின்றது.

கே ஹோங் உயர்வாக நினைத்த மருந்தை இன்று யாரும் தொடுவதில்லை. அவர் இரண்டாம் இடம் கொடுத்த மூச்சைத்தான் பூங்காக்களில் பழகுகிறார்கள். முதலீடு ஒரு பைசா இல்லை. அந்த இருபது வருட வறுமைதான் அவரைப் பாதரசத்திலிருந்து காப்பாற்றியதோ என்னவோ. விலை அதிகம் என்பதாலேயே ஒரு பொருளின் மதிப்பும் அதிகம் என்று நினைக்கும் நமக்கெல்லாம் இது ஒரு நல்ல பாடம் இல்லையா நண்பர்களே?