ஃபேஸ்புக்குக்கு முன்னாடி ஒரு பஞ்சாலை

அவிநாசியில பஸ் ஏறி திருப்பூர் பக்கம் போனீங்கன்னா, வழியெல்லாம் பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில். ஷிஃப்ட் மாறுற நேரத்துல கம்பெனி வேன்ல இருந்து இறங்குறவங்கள்ல நிறைய பேர் பெண்கள். இன்னைக்கு நாம பேசப்போறது எகிப்து பத்தி. ஆனா அந்தக் கதையும் இதே மாதிரி ஒரு மில் ஊர்லதான் தொடங்குது.

2011 எகிப்துப் புரட்சியை 'ஃபேஸ்புக் புரட்சி'ன்னு சொல்றது வழக்கம். அதுக்குக் காரணம் இருக்கு. அந்த ஜனவரி 18ஆம் தேதி அஸ்மா மஹ்ஃபூஸ்ங்கிற 25 வயசு தாண்டின பெண் கேமரா முன்னாடி உட்கார்ந்து, "25ஆம் தேதி தஹ்ரீர் சதுக்கத்துக்கு நான் போறேன், நீங்களும் வாங்க"ங்கிற அர்த்தத்துல பேசினார். வீடியோ நாடு முழுக்கப் பரவியது. பிப்ரவரி 11 அன்று முபாரக் பதவி விலகினார்.

ஆனா அஸ்மா சார்ந்திருந்த அமைப்போட பேரைக் கவனிங்க: 'ஏப்ரல் 6 இளைஞர் இயக்கம்'. அது 2008ல மஹல்லா அல்-குப்ராங்கிற ஜவுளி நகரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குக் குறிச்ச நாள். அவங்களுக்கு ஆதரவா இஸ்ரா அப்தெல் ஃபத்தாஹும் அஹ்மத் மாஹிரும் ஃபேஸ்புக்ல ஒரு குழு தொடங்கினாங்க. சுமார் 70,000 பேர் சேர்ந்தாங்க. இஸ்ரா கைதானார்.

இன்னும் பின்னாடி போவோம். 2006 டிசம்பர். அதே மஹல்லா மில்லுல, தருவோம்னு சொன்ன போனஸ் வரலை. தையல் பிரிவுப் பெண்கள் சுமார் 3,000 பேர் மெஷினை நிறுத்திட்டு வெளியே வந்து, "ஆம்பளைங்க எங்கே?"ன்னு கோஷம் போட்டாங்க. அப்புறம்தான் மத்தவங்க வேலையை நிறுத்தினாங்க. அங்க ஃபேஸ்புக் இல்லை. பக்கத்து மெஷின்காரி மேல இருந்த நம்பிக்கைதான் இருந்தது.

இன்னொரு சாட்சி. 2011 ஜனவரி 28 அன்று அரசு இணையத்தையே துண்டிச்சது. கூட்டம் குறையலை, பெருகியது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2021 ஜனவரியில திண்டுக்கல் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில வேலை பார்த்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அங்கேயே மேற்பார்வையாளர். அந்தப் பெண் உறுப்பினரா இருந்த, பெண்களே தலைமை தாங்குற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், அவர் பேர்ல நீதி கேட்டுப் பிரசாரத்தைத் தொடங்கியது. வெளிநாட்டு அமைப்புகளோட கைகோத்து, ஆன்லைன்ல அது உலக பிராண்டுகள் வரைக்கும் போச்சு. 2022 ஏப்ரல்ல 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. பாலியல் தொல்லையைத் தடுக்க, பயிற்சி பெற்ற தொழிலாளர்களே தொழிற்சாலைக்குள்ள கண்காணிக்கணும்னு அதுல இருந்தது. புகார் சொன்னா பழிவாங்கக் கூடாதுன்னும் இருந்தது. ஹெச் அண்டு எம் அதுல இணைஞ்ச பிராண்டுகள்ல ஒண்ணு.

ஹேஷ்டேக் பிராண்டோட காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனா பேசுறதுக்கு முதல்ல உள்ளே ஒரு சங்கம் இருந்தது. நம்ம பக்கத்து மில் ஹாஸ்டல்கள்ல பெண்களோட செல்போனுக்குக் கட்டுப்பாடு இருக்கறதைப் பல ஆய்வுகள் பதிவு செஞ்சிருக்கு. ஒரு போனுக்கு ஏன் இவ்வளவு பயம்? போனுக்கு இல்லைங்க. அந்தப் பெண்கள் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டா என்ன ஆகும்ங்கிறதுக்குத்தான்.