வண்ணப் பட்டைகளும் விடுபட்ட பெயர்களும்

சென்ற பொங்கல் விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தமிழ் இலக்கியம் பயின்றவர். இப்போது கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநர். பேச்சினிடையே கைப்பேசியை என்னிடம் நீட்டி, அடுத்த நாள் படப்பிடிப்புக்கான தாளைக் காட்டினார். எந்தக் காட்சி, எந்த இடம், யார் எத்தனை மணிக்கு வரவேண்டும், என்ன உடை, எத்தனை துணை நடிகர்கள் என எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே ஓரிடத்தில் விரலை வைத்து, "சார், இதுல என் பேர் இருக்கு பாருங்க" என்றார். அதற்கு முன் ஒன்றரை ஆண்டுகள் அவர் உழைத்த படத்தில் பெயர்ப் பட்டியல் ஓடியபோது அவர் பெயர் விடுபட்டிருந்ததை நான் அறிவேன்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இக்கட்டுரைக்குள் இழுத்து வந்தது. படத் தயாரிப்பை ஆள்பவை இரண்டு வகைத் தாள்கள். ஒன்று, எதை எப்போது எடுப்பது என்னும் திட்டம். மற்றொன்று, யார் யார் இருக்கிறார்கள் என்னும் பட்டியல். இன்று இரண்டும் கணினிக்குள் போய்விட்டன. ஆனால் அவற்றின் வரலாறு கணினியைவிட மிகப் பழையது.

அமெரிக்கத் திரையுலகின் தொடக்க ஆண்டுகளில் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒரு கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு புறப்பட்டுப் போய்ப் படமெடுத்து வந்தார்கள். 1910களில் இந்த முறையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் தாமஸ் இன்ஸ். கலிபோர்னியாவில் சாண்டா மோனிகாவுக்கு அருகே 'இன்ஸ்வில்' என்றழைக்கப்பட்ட அவருடைய படப்பிடிப்புத் தளத்தில், ஒவ்வொரு காட்சிக்கும் எண்ணிட்டு, இடமும் பாத்திரங்களும் செயல்களும் விரிவாக எழுதப்பட்ட பிரதி முதலில் தயாராகும். அதில் இன்ஸ் ஒப்புதல் அளித்த பிறகே இயக்குநர் கேமராவைத் தொடலாம். இதனால் ஒரே சமயத்தில் பல குழுக்களை அவரால் மேற்பார்வையிட முடிந்தது. திட்டமிடும் மூளையும் செய்து முடிக்கும் கையும் வெவ்வேறாகப் பிரிந்த இடம் இதுவே என்று திரைப்பட வரலாற்றாய்வாளர் ஜேனட் ஸ்டைகர் 1979இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார்.

காட்சிகளுக்கு எண் வந்தபின் கதை செல்லும் வரிசையில் படமெடுக்கவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஒரே வீட்டில் நிகழும் காட்சிகளை எல்லாம் ஒன்றாக எடுத்து முடித்துவிடலாம். இதற்கென உருவானதே பட்டைப் பலகை. ஒரு காட்சிக்கு ஓர் அட்டைப் பட்டை. பகலில் வீட்டுக்குள் நடந்தால் வெள்ளை, பகலில் வெளியே என்றால் மஞ்சள், இரவில் உள்ளே நீலம், இரவில் வெளியே பச்சை என்பது பரவலான வழக்கம். நடிகர்களுக்குப் பெயருக்குப் பதில் எண். பலகையில் பட்டைகளை இடம் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தால், எந்த நடிகர் எத்தனை நாள் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவார் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பின்னாளில் மூவி மேஜிக் ஷெட்யூலிங் போன்ற மென்பொருள்கள் செய்தது இதே வேலையைத்தான். திரையிலும் அவை வண்ணப் பட்டைகளாகவே தோன்றின. இன்று உதவி இயக்குநர்கள் விரலால் தள்ளி நகர்த்துவதும் அந்தப் பழைய அட்டையைத்தான் எனலாம்.

ஆட்களைத் தேடும் பட்டியலின் வரலாறு வேறு. பெரிய ஸ்டூடியோக்கள் மாதச் சம்பளம் கொடுத்து ஊழியர்களை வைத்திருந்த காலத்தில் ஆள் தேடும் தேவை அதிகமில்லை. தச்சர் முதல் எழுத்தாளர் வரை ஒரே மதிலுக்குள் இருந்தார்கள். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பால் ஸ்டூடியோக்கள் தம் திரையரங்குகளைக் கைவிட நேர்ந்தது. நிலையான வருவாய் குறைந்தது. நிலையான ஊழியர்களும் குறைந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஒரு குழுவைச் சேர்த்து, முடிந்ததும் கலைத்துவிடும் முறை வேரூன்றியது. தொலைபேசி எண்கள் நிறைந்த குறிப்பேடுதான் அதன்பின் ஒருவரின் மூலதனம்.

சென்னையிலும் இதே பாதையைக் காணலாம். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அசோகமித்திரன், செய்தித்தாள் துணுக்குகளை வெட்டிக் கோப்புகளில் சேர்ப்பதுதான் அங்கே தம் வேலை என்று எழுதியிருக்கிறார். துணுக்கு வெட்டுவதற்கும் மாதச் சம்பளம் தரப்பட்ட உலகம் அது. அந்த உலகம் சரிந்த பிறகு மிஞ்சிய மனிதர்களை அவருடைய 'கரைந்த நிழல்கள்' நாவலில் பார்க்கிறோம். தயாரிப்பு நிர்வாகி என்பவர் ஓயாமல் அலைந்து ஆட்களைத் திரட்டும் ஒரு பாவப்பட்ட ஜீவன் என்பதை அதைப் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 'கால்ஷீட்' என்ற சொல்லுக்கு நேர்ந்த பொருள் மாற்றமும் இங்கே கவனிக்கத்தக்கது. ஹாலிவுட்டில் அது அன்றாடப் பணியைக் குறித்த தாள். தமிழில் அது நட்சத்திரம் 'கொடுக்கும்' நாட்களாகிவிட்டது. தாள் மறைந்து தயவு மிஞ்சியது.

இணையம் வந்தபோது இந்தத் தயவு உலகம் மாறும் என்று பலரும் நம்பினார்கள். 1990இல் கோல் நீதம் என்ற ஆங்கிலேயக் கணிப்பொறியாளர், திரைப்பட ஆர்வலர்கள் கையால் தொகுத்திருந்த பட்டியல்களைத் தேடிப் பார்க்கும் வசதியை உருவாக்கினார். ஐஎம்டிபி பிறந்தது இப்படித்தான். 1998இல் அமேசான் அதை வாங்கியது. 2002இல் தொழில்முறைக் கலைஞர்களுக்கான கட்டணப் பிரிவு தொடங்கியது. ரசிகனின் குறிப்பேடு வேலை கொடுப்பவரின் பதிவேடாயிற்று. தன் வயதை வெளியிட்டதால் வாய்ப்புகள் குறைந்தன என்று 2011இல் ஒரு நடிகை வழக்குத் தொடுத்தார், 2013இல் தோற்றார். கேட்டுக்கொண்டால் வயதை நீக்கவேண்டும் என்று கலிபோர்னியா 2016இல் இயற்றிய சட்டமும் பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றத்தில் வீழ்ந்தது. 2020இல் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. பட்டியலில் இல்லாதிருப்பது ஒரு துன்பம் என்றால், இருப்பதிலும் துன்பம் உண்டு.

திட்டத்தாளுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2014 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரயில் பாலம் ஒன்றின்மீது படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது ரயில் வந்துவிட்டது. 27 வயதான கேமரா உதவியாளர் சாரா ஜோன்ஸ் உயிரிழந்தார். தண்டவாளத்தில் படமெடுக்க அனுமதியில்லை என்று ரயில் நிறுவனம் முன்னதாகவே எழுத்தில் தெரிவித்திருந்தது. அடுத்த ஆண்டு இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். செய்தி கடத்தும் கருவிகள் அன்று இல்லாமலில்லை. மறுப்பு ஒருவரிடம் இருந்தது, உயிர் வேறொருவருடையது. இன்ஸ் காலத்தில் பிரிந்த மூளையும் கையும் ஒன்றையொன்று அறியாமல் போனதன் விலை அது. பின்னர் உலகின் பல தளங்களில் தொழிலாளர்கள் கிளாப் பலகையில் அவர் பெயரை எழுதிப் படமெடுத்து அஞ்சலி செலுத்தினார்கள்.

நம் ஊரில் பெயர்களைக் காத்தவர் 'பிலிம் நியூஸ்' ஆனந்தன். எந்தப் படம், எந்த ஆண்டு, யார் யார் உழைத்தார்கள் என்று தனிமனிதராகச் சேர்த்தார். 2004இல் வெளிவந்த அவருடைய 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' இல்லாவிட்டால் நம் ஆய்வாளர்கள் பலர் இருட்டில்தான் துழாவவேண்டியிருக்கும். 2016இல் அவர் மறைந்தார். ஆனால் அவராலும் திரையில் ஓடிய பெயர்களையும் பாட்டுப் புத்தகத்தில் அச்சேறிய பெயர்களையும்தான் பெரிதும் நம்ப முடிந்திருக்கும். அங்கே விடுபட்டவர்கள் வரலாற்றிலும் விடுபட்டார்கள்.

இந்த இடத்தில்தான் என் மாணவரின் கைப்பேசித் தாள் எனக்கு முக்கியமாகப்படுகிறது. அதில் லைட்மேன் குழு எத்தனை மணிக்கு வந்தது, சாப்பாடு எத்தனை பேருக்கு, மழைக்கு மாற்று இடம் எது என்பதெல்லாம் இருக்கின்றன. கல்வெட்டுகளில் மன்னனின் மெய்க்கீர்த்தியைவிடக் கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்தவனின் பெயர் சில சமயம் ஆய்வாளனுக்கு அதிகம் உதவும். இத்தாள்களும் அப்படிப்பட்டவை. ஆனால் படம் முடிந்து, நிறுவனம் மென்பொருளுக்குச் சந்தா கட்டுவதை நிறுத்தியதும் இவை கிடைக்காமல் போய்விடக்கூடும். அட்டைப் பட்டையாவது பரணில் கிடந்து கரையானுக்குத் தப்பியிருக்க வாய்ப்புண்டு.

விடைபெறும்போது அவரிடம், "தம்பி, இந்தத் தாளையெல்லாம் அழிச்சிடாதே. முடிஞ்சா அச்செடுத்து வை" என்றேன். "எதுக்கு சார்? ஷூட்டிங் முடிஞ்சா இது குப்பைதானே" என்றார் சிரித்துக்கொண்டே. இரண்டு வாரம் கழித்து அஞ்சலில் ஓர் உறை வந்தது. உள்ளே நாற்பத்தொரு தாள்கள். ஒவ்வொன்றிலும் அவர் பெயருக்குக் கீழே கோடிட்டிருந்தார். தேநீர் கொடுக்கும் புரொடக்ஷன் பாய்களின் பெயர்களைத் தாம் கேட்டறிந்து ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்.