தலைமடையும் கடைமடையும்

பேட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு ஆய்வு மாணவர்கள் வருவது பெரும்பாலும் பங்குனி, சித்திரையில். கையில் கட்டுக்கட்டாகப் படிவம். "எல்லாம் என்ட்ரி போட்டாச்சு சார். டி டெஸ்ட் போடலாமா, கை ஸ்கொயர் போடலாமா?"

போன வருஷம் வந்த பெண் பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஆராய்ந்தவள். தையல் பயிற்சிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, அதே பெண்களிடம் வருமானம் கேட்டிருக்கிறாள். அலைந்து திரிந்து செய்த நல்ல உழைப்பு. ஆனால் படிவத்தில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. முதல் கட்டில் உள்ளவள் இரண்டாம் கட்டில் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஜோடி கலைந்துவிட்டது.

எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. அவர் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர். 1937-இல் தொடங்கிய பண்ணை. இன்றும் நம் கடைகளில் 'அம்பை 16' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த ஏ.எஸ்.டி. 16 அங்கிருந்து 1986-இல் வெளிவந்ததுதான். நடவுக்கு முன்னால் பண்ணையில் சீட்டுக் குலுக்குவார்களாம். சர்க்கார் வயலில் சீட்டாட்டமா என்று ஊரில் கேலி. பெரியப்பா சொல்வார்: "தண்ணிக்கு ரகமால தெரியும்? கிட்ட இருக்கிறது குடிக்கும், தூர இருக்கிறது காயும்."

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடைக்கு வண்டலும் தண்ணீரும்; கடைமடைக்கு மிச்சம். ஒரு ரகத்தை மேலே நட்டு இன்னொன்றைக் கீழே நட்டால், களத்தில் கூடுதலாக வந்த நெல் ரகத்தின் கணக்கா, வாய்க்காலின் கணக்கா? அதனால் வயலை மேலிருந்து கீழாகத் தொகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகத்துக்கும் ஒரு பாத்தி உண்டு. எந்தப் பாத்தி எதற்கு என்பதைச் சீட்டு சொல்லும்.

இந்த முறையை வகுத்தவர் ரொனால்ட் ஃபிஷர். 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் சேர்ந்து, பழைய விளைச்சல் ஏடுகளோடு மல்லுக்கட்டியவர். அவருக்கு முன்பே டப்ளின் மதுவடிப்பாலையில் வேலை செய்த காசெட், கைக்கு எட்டிய நாலைந்து மாதிரிகளை வைத்தே முடிவு சொல்ல 1908-இல் வழி கண்டார். சொந்தப் பெயரில் எழுத முதலாளி விடாததால் 'ஸ்டூடண்ட்' என்று போட்டுக்கொண்டார். அதுதான் டி டெஸ்ட். கை ஸ்கொயர் இன்னும் மூத்தது, கார்ல் பியர்சன் 1900-இல் தந்தது.

இரண்டு ரகம் என்றால் ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, அந்த வித்தியாசங்களுக்கு டி போடலாம். வாய்க்காலின் ஓரவஞ்சனை கழிந்துபோகும். ஜோடியைப் பிரித்துப் போட்டால், தலைமடை கடைமடை ஏற்றத்தாழ்வே ரகத்தின் வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஐந்து ரகம் இருந்தால் பத்து ஜோடி. பத்துக்கும் தனித்தனியே டி போட்டால் ஏதோ ஒன்று பொய்யாக ஜெயிக்கும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். அங்கே ஃபிஷரின் மாறுபாட்டுப் பகுப்பாய்வு வேண்டும். குலைநோய் கண்ட தூர் எத்தனை, காணாத தூர் எத்தனை என்று எண்ணினால் கை ஸ்கொயர். சோற்றைத் தின்று பார்த்து ருசியில் எது முதல், எது இரண்டாவது என்று சொல்லச் சொன்னால் தரவரிசைச் சோதனை. 1945-இல் அதற்கு வழி போட்டவர்களில் ஒருவரான வில்காக்சன் ஒரு வேதியியலாளர்.

ஆக, எந்த டெஸ்ட் என்பது பெரியப்பா சீட்டுக் குலுக்கிய அன்றைக்கே முடிவானது. அறுவடைக்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை.

மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். அவர் அழைப்பில் வந்த ஃபிஷர், 1938-இல் அங்கு நடந்த மாநாட்டில் தலைமையுரை ஆற்றினார். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரைத் தேடி வருவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போலத்தான் என்ற பொருளில் அவர் பேசியது அங்கேதான். அம்பையில் பண்ணை தொடங்கிய மறு வருஷம்.

பீடிப் பெண்கள் ஆய்வில் நானும் அதைத்தான் செய்தேன். இருந்ததை வைத்து அட்டவணை போட்டுக் கொடுத்தேன். முன்னும் பின்னும் ஒப்பிடும் பகுதியை நீக்கச் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். எனக்கும் சங்கடம்தான்.

படிவத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நடை வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.