கொடைக்கானலில் சூரியக் காலம்

ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் 1907இல் சொன்னார். அதைச் சூரியனில் சோதிக்கலாம் என்று 1911இல் கணக்கோடு காட்டினார். சூரியப் பரப்பில் இருக்கும் அணு சற்று மெதுவாக அதிர்வதால், அதன் நிறமாலைக் கோடு பத்து லட்சத்தில் 2 பங்கு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். அங்கே ஒரு கடிகாரம் வைத்தால் அது ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பின்தங்கும்.

அதே 1911இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் இயக்குநரானார் ஜான் எவர்ஷெட். சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்கேயே கண்டுபிடித்தவர். அவரும் தாமஸ் ராய்ட்ஸும் சூரிய ஒளியில் தெரியும் இரும்பின் கோடுகளை, ஆய்வகத்து மின்வில்லில் எரியும் இரும்பின் கோடுகளோடு ஒப்பிட்டு அளந்தார்கள். தேடிய நகர்வு 6,000 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் 0.013 ஆங்ஸ்ட்ராம்தான்.

நகர்வு கிடைத்தது, ஆனால் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. சூரிய வட்டத்தின் நடுவில் குறைவு, விளிம்பில் அதிகம். வாயு அழுத்தமே காரணம் என்று அன்று பலர் நம்பினார்கள். கோட்டுக்குக் கோடு நகர்வு அதற்கேற்ப மாறவில்லை என்று காட்டி, 1914இல் இருவரும் அதை மறுத்தார்கள். வாயுவின் இயக்கம்தான் காரணம் என்றால், எல்லா விளிம்பிலும் வாயு பூமியைவிட்டு விலகி ஓட வேண்டும். பூமி அதைத் தள்ளுகிறதா என்றுகூட எவர்ஷெட் யோசித்தார். விந்தையான எண்ணம்தான், ஆனால் அதையும் அவர் சோதிக்காமல் விடவில்லை. பூமிக்குத் தெரியாத சூரியப் பக்கத்தின் ஒளி வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்புகிறது. பூமி தள்ளுவது உண்மையென்றால் அதில் நகர்வு வேறாக இருக்க வேண்டும் என்பதால், அந்த ஒளியைப் பிடித்து அளந்தார். இதற்கிடையே, அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் வானியலாளர் செயின்ட் ஜான் 1917இல் ஐன்ஸ்டைன் நகர்வு இல்லை என்றே அறிவித்திருந்தார். பல ஆண்டு அளவீடுகளுக்குப் பிறகு, 1923இல் ஓய்வு பெறும் காலத்தில், அந்த நகர்வு உண்டு என்ற முடிவுக்கு எவர்ஷெட் வந்தார். அந்தப் பொறுமையே கொடைக்கானலின் பெருமை.

நடுப்பகுதிக் குழப்பத்துக்குக் காரணம் பின்னாளில் தெளிந்தது: சூடான வாயு நம்மை நோக்கி மேலெழுவதால் வரும் நீல நகர்வு, ஈர்ப்பின் சிவப்பு நகர்வில் ஒரு பங்கை மறைக்கிறது. பூமியிலேயே ஈர்ப்பின் இவ்விளைவை 1960இல் ஹார்வர்டில் பவுண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் உயர வேறுபாட்டில் அளந்தார்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 முதல் ஏவப்பட்ட இந்திய வழிகாட்டிச் செயற்கைக்கோள்களுக்கு இது அன்றாடக் கணக்கு. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தளர்வதால் கடிகாரம் விரைகிறது, வேகத்தால் சிறிது தாமதிக்கிறது; மிச்சம் நாளொன்றுக்குச் சுமார் 46 மைக்ரோ வினாடி முந்துகிறது. அதற்குள் ஒளி 14 கிலோமீட்டர் போய்விடும் என்பதால், அந்த வேறுபாட்டைக் கணக்கில் திருத்தியே இடம் குறிக்கப்படுகிறது.