நீராவி யுகம் – 9: பேராசிரியர் ஓட்டிய எஞ்சின்

வில்லியம் வில்சனை நியூரம்பெர்க்கிலேயே விட்டுவிட்டு வருவோம். சில மாத ஒப்பந்தத்தில் வந்த அந்த ஆங்கிலேய டிரைவர், 1862-ல் கண்மூடும் வரை அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். உயரமான தொப்பியும் வால்கோட்டுமாக அவர் ஆட்லர் எஞ்சினின் மேல் நின்ற கோலத்தைப் போன வாரமே பார்த்துவிட்டோம். அடுத்தது பெர்லின், 1841 ஜூலையில் போர்சிக்கின் முதல் எஞ்சின் ஸ்டீபன்சனின் எஞ்சினோடு போட்டியிட்ட பந்தயம் என்று சொல்லியிருந்தேன். பெர்லினுக்குத்தான் போகிறோம். ஆனால் வழியில் டிரெஸ்டனில் இறங்கியாக வேண்டும். அங்கே எல்பே நதிக்கரையில் இருக்கும் ஒரு வாத்தியாரைப் பார்க்காமல் போனால், பெர்லின் பந்தயத்தில் பாதி விளங்காது.

அவர் பெயர் யோகான் ஆண்ட்ரியாஸ் ஷூபெர்ட். 1808-ல் சாக்சனியின் தெற்கு மூலையில், வெர்னஸ்குரூன் என்ற சிற்றூரில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வசதியுள்ள ஒருவர் எடுத்து வளர்த்ததால் படிப்பு வாய்த்தது. டிரெஸ்டனில் தொழில்நுட்பக் கல்லூரி 1828-ல் தொடங்கியபோதே அங்கே ஆசிரியர். அப்போது வயது 20. 24 வயதில் பேராசிரியர். கணக்கும் எந்திரவியலும் பாடம். கரும்பலகையோடு நின்றிருந்தால் நமக்கு அவரைத் தெரிந்திருக்காது. 1836-ல் சிலரோடு கூட்டுச் சேர்ந்து, நகருக்கு வெளியே யூபிகாவ் என்ற இடத்தில், ஒரு பழைய அரண்மனையை ஒட்டி எந்திரத் தொழிற்சாலை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே எல்பே நதியில் 'ராணி மரியா' என்ற நீராவிப் படகு மிதந்தது. அதை வடிவமைத்தவரும் அவரே. படகு போதாது, ரயில் எஞ்சினும் செய்வேன் என்று கிளம்பினார்.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல்! ஜெர்மன் மண்ணில் எஞ்சின் செய்யும் முயற்சி அதற்கு முன்பு எப்படி முடிந்தது என்பது கிரிகாரின் கதையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 1816-ல் பெர்லின் அரசு வார்ப்பாலை முற்றத்தில் காசு வாங்கிக்கொண்டு வேடிக்கை காட்டப்பட்ட, கிரிகார் செய்த அந்த எஞ்சின், சைலீசியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த தண்டவாளத்தின் அகலத்துக்கே பொருந்தவில்லை. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் யாரும் வெற்றி பெறவில்லை. ஆட்லரும் நியூகாசிலில் பிறந்து, பெட்டி பெட்டியாக ரைன் நதி வழியே வந்தது.

இந்த நேரத்தில்தான் லைப்சிக்–டிரெஸ்டன் பாதை எழுந்துகொண்டிருந்தது. ஆட்லர் ஓடியது 6 கிலோமீட்டர். இது ஏறத்தாழ 116 கிலோமீட்டர். ஃபிரெடரிக் லிஸ்ட் ஊர் ஊராக எழுதியும் பேசியும் கண்ட ரயில்பாதைக் கனவின் முதல் பெரிய துண்டு. நடுவில் ஓபராவில் குன்றைக் குடைந்து 500 மீட்டருக்கு மேல் சுரங்கம். இவ்வளவு பெரிய வேலைக்கு எஞ்சின்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றில் முன்னால் வந்தது, ராத்வெல் கம்பெனி செய்த 'காமெட்'. கழற்றி மரப்பெட்டிகளில் அனுப்பி, இங்கே மறுபடி பூட்டினார்கள். ஷூபெர்ட் தன் எஞ்சினுக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது இதைத்தான்.

முன்மாதிரி என்றதும், 'அப்படியானால் நகல்தானே' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்திரக் கலையில் யார் எதைப் பார்த்துச் செய்தார் என்பதைவிட, பார்த்ததில் எதை மாற்றினார் என்று கேட்க வேண்டும். ஷூபெர்ட் மாற்றியது ஒரு அச்சு. அந்த ஒரு அச்சில் அவருடைய மூளை முழுவதும் தெரிகிறது.

காமெட்டுக்கு நான்கே சக்கரங்கள். நான்கும் இணைப்புத் தண்டால் கோக்கப்பட்டவை. சக்கரங்களுக்கு மேலே கொதிகலன் நீளவாக்கில் படுத்திருக்கும். பின்னால், கோக் கரி எரியும் நெருப்பறை. செம்புத் தகடு, இரும்புச் சட்டம், சுற்றிலும் தண்ணீர் என்று நல்ல கனம். அந்தக் கனம் முழுவதும் பின் அச்சுக்கும் பின்னால் அந்தரத்தில் தொங்கியது. மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்குமே, அதே சங்கடம்தான். மெதுவாகப் போகும்போது தெரியாது. வேகம் கூடியதும் எஞ்சின் முன்னும் பின்னுமாகக் குதிக்கத் தொடங்கும். அந்தக் காலத்துத் தண்டவாளங்கள் மெல்லியவை. ஒரே அச்சு அத்தனை பாரத்தையும் குத்திக்கொண்டு போனால் அவை தாங்காது.

இந்த நோயை இங்கிலாந்திலும் கண்டிருந்தார்கள். ராபர்ட் ஸ்டீபன்சனின் 1830-ம் ஆண்டு 'பிளானட்' எஞ்சினுக்கும் இதே குறை. மூன்றாண்டு கழித்து அவரே நெருப்பறைக்குப் பின்னால் ஒரு சிறு அச்சைச் சேர்த்து 'பேட்டன்டி' வகையைக் கொண்டுவந்தார். ஆட்லர் அந்த வம்சம். ஆனால் அந்த வம்சத்தில் இன்னொரு குறை இருந்தது. மூன்று அச்சுகளில் நடு அச்சு மட்டும்தான் இழுக்கும். முன்னும் பின்னும் உள்ளவை பாரத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா உருளும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்வது, அதன் மேல் இருக்கும் எடையால். எடையில் ஒரு பகுதி சும்மா உருளும் சக்கரங்களுக்குப் போய்விட்டால், இழுக்கும் சக்கரம் மழை நாளில் நின்ற இடத்திலேயே சுழலும்.

ஷூபெர்ட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். காமெட்டிலிருந்து இணைத்த நான்கு சக்கரங்களை எடுத்துக்கொண்டார், பிடிமானம் கிடைத்தது. நெருப்பறைக்குப் பின்னால் சிறு சக்கரங்களோடு ஓர் அச்சைச் சேர்த்தார், குதிப்பு அடங்கியது. இழுக்கும் அச்சுகள் இரண்டு இருந்ததால், பின் அச்சுக்குக் கொஞ்சம் எடையை விட்டுக்கொடுத்தும் நஷ்டமில்லை. பெரிய சக்கரங்களின் விட்டம் ஒன்றரை மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. 1838-ல் யூபிகாவில் முடிந்த அந்த எஞ்சினுக்கு 'சாக்சோனியா' என்று தாய்நாட்டின் பெயரையே வைத்தார். ஜெர்மனியிலேயே செய்து, உண்மையாகவே பாதையில் ஓடி உழைத்த முதல் எஞ்சின் அது.

செய்து முடித்தது எப்படிப்பட்ட பட்டறையில் என்பதையும் யோசிக்க வேண்டும். சிலிண்டர்கள் சட்டத்துக்கு உள்ளே, புகைப்பெட்டிக்குக் கீழே. பிஸ்டன் தண்டு தள்ளுவதற்கு அச்சையே இரண்டு இடத்தில் மடித்து 'கிராங்க்' ஆக்க வேண்டும். கனமான இரும்பைக் காய்ச்சி அடித்து, உள்ளே விரிசல் இல்லாமல், இரண்டு மடிப்பும் சரியான கோணத்தில் நிற்க உருவாக்குவது நியூகாசிலில் பல்லாண்டு பழகிய கைகளுக்கே தண்ணீர் காட்டும் வேலை. கொதிகலன் தகட்டை வளைத்து ஆணி அடித்துக் கசிவில்லாமல் மூடுவதும் அப்படியே. யூபிகாவ் தொழிலாளிகள் இதற்கு முன் செய்தது படகு. பக்கத்தில் நின்று சொல்லித்தர இன்னொரு எஞ்சின் தொழிற்சாலை நாட்டில் எங்கும் இல்லை. பேராசிரியரின் வரைபடமும் அவர்கள் கையுமே துணை.

1839 ஏப்ரலில் பாதை முழுவதும் திறந்தது. விழா ரயிலை எது இழுத்தது? ஆங்கிலேய எஞ்சின்கள். பிரமுகர்களை ஏற்றிக்கொண்டு அவை முன்னால் போயின. சாக்சோனியா பின்னால் வந்தது. ஓட்டியவர் ஷூபெர்ட்டே. 31 வயதுப் பேராசிரியர், தான் கணக்குப் போட்டு வரைந்த எஞ்சினின் மேடையில் நின்று, விழாப் புகை அடங்கியிராத பாதையில் தொடர்ந்து வருகிறார்.

ரயில்வே கம்பெனி இயக்குநர்களை இந்த இடத்தில் என்னால் மன்னிக்க முடியவில்லை. பங்குதாரர் பணம், பிரமுகர்களின் உயிர், நிரூபிக்கப்பட்ட எஞ்சின் என்று அவர்கள் தரப்பில் நியாயம் சொல்லலாம். சொல்லட்டும். விழா நாளில் வேண்டாம் என்றாலும், அடுத்த நாளிலிருந்து ஆர்டர் கொடுத்திருக்கலாம். அவர்கள் வெளிநாட்டு எஞ்சின்களை வாங்குவதைத்தான் தொடர்ந்தார்கள். ஒரு எஞ்சினில் கற்றதைப் பத்து எஞ்சினில் பழகினால்தான் பட்டறை நிற்கும். யூபிகாவுக்கு அந்தப் பத்து கிடைக்கவேயில்லை. ஷூபெர்ட் கல்லூரிக்கே திரும்பினார். ஆட்லரின் படம் தபால்தலைகளில் வந்தது. சாக்சோனியாவை ரயில் பிரியர்கள் தவிர யாருக்கும் தெரியாது. பாதையின் 150-ம் ஆண்டை ஒட்டி, 1980-களின் கடைசியில்தான் ஓடக்கூடிய மாதிரி ஒன்றை மறுபடி செய்தார்கள்.

ஆனால் இந்த மனிதர் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. சாக்சனியையும் பவேரியாவையும் இணைக்க, லைப்சிக்கிலிருந்து நியூரம்பெர்க் திசையில் ஒரு பாதை போட்டார்கள். குறுக்கே கோல்ச் என்ற சிற்றாறு. ஆறு சிறியது, பள்ளத்தாக்கு பயங்கரம். 1845-ல் பாலத்துக்குப் பரிசுப் போட்டி வைத்தார்கள். 81 வரைபடங்கள் வந்தன. ரயிலின் பாரத்தை இது தாங்கும் என்று கணக்கோடு நிரூபித்தது ஒன்றுகூட இல்லை. நடுவர் குழுவில் இருந்த ஷூபெர்ட் தானே உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒவ்வொரு வளைவிலும் எவ்வளவு அழுத்தம் இறங்கும், செங்கல் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே கணித்துக் கட்டிய பெரும் ரயில் பாலங்களில் இதுவே முன்னோடி. அந்த வட்டாரத்தில் களிமண் தாராளம் என்பதால் செங்கல்லையே தேர்ந்தெடுத்தார்கள். 2 கோடியே 60 லட்சம் செங்கற்கள்! தோண்டும்போது நடுவில் நிலம் இளக்கமாக இருப்பது தெரிந்தது. பொறியாளர் ராபர்ட் வில்கே அந்த இடத்தில் தூண்களை விலக்கி, பெரிய வளைவுகளைப் போட்டுத் தப்பித்தார். 1851-ல் திறந்தபோது உயரம் 78 மீட்டர், நீளம் 574 மீட்டர். உலகிலேயே பெரிய செங்கல் பாலம் இன்றும் அதுதான். இன்றும் அதன் மேல் ரயில் ஓடுகிறது. படகு, எஞ்சின், பாலம் மூன்றையும் ஒரே ஆள் கணக்குப் போட்டுச் செய்த இன்னொரு பெயரை அந்தத் தலைமுறை ஜெர்மனியில் நான் பார்த்ததில்லை.

சரி, பெர்லின். ஓரானியன்பர்க் வாயிலுக்கு வெளியே, ஆலைப் புகையால் 'நெருப்பு நாடு' என்றே பெயர் வாங்கிய பகுதியில், தச்சு வேலை படித்து வந்த ஆகஸ்ட் போர்சிக் 1837-ல் பட்டறை போட்டுவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரி இங்கிலாந்து அல்ல, அமெரிக்கா. ஃபிலடெல்ஃபியாவின் நாரிஸ் எஞ்சின். முன்னால் வளைவுக்கு ஏற்பத் திரும்பும் நான்கு சிறு சக்கரங்கள். சிலிண்டர்கள் வெளியே, ஆகவே மடித்த அச்சு என்ற தலைவலியே இல்லை. இழுக்கும் ஒரே அச்சு நெருப்பறைக்கு முன்னால். நெருப்பறையின் கனத்தைப் பின்னால் தொங்கவிட்டு, அந்த எடையை இழுக்கும் சக்கரத்தின் மேல் இறக்குவது நாரிஸின் சூட்சுமம். 1836-ல் சொந்த ஊரில் செங்குத்தான பெல்மான்ட் சரிவில் ஏறிக் காட்டியது அதனால்தான்.

போர்சிக் இதில் என்ன மாற்றினார்? நெருப்பறைக்குப் பின்னால் ஒரு சக்கர அச்சைச் சேர்த்தார். ஷூபெர்ட் செய்த அதே காரியம், மூன்றாண்டு கழித்து, வேறு நகரத்தில், வேறு கண்டத்து எஞ்சினில். நாரிஸின் பிடிமானத்தில் கொஞ்சத்தை இழந்தார். ஓட்டத்தில் நிதானத்தைப் பெற்றார். பெர்லினைச் சுற்றியுள்ளது சமவெளி. அங்கே ஏறுவதைவிட ஓடுவது முக்கியம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்த 1841-லேயே மியூனிக்கில் மஃபையும் கார்ல்ஸ்ரூவில் கெஸ்லரும் தங்கள் முதல் எஞ்சின்களைப் பாதையில் இறக்கினார்கள். போர்சிக்குக்கு மட்டும், யூபிகாவுக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்தது: ஸ்டீபன்சனின் எஞ்சினுக்கு எதிரே, பெர்லினிலிருந்து யூட்டர்போக் வரை, எல்லோர் கண்முன்னாலும் ஓடிக் காட்ட ஒரு வாய்ப்பு.

1841 ஜூலை 21. பத்து நிமிடம் முந்தினார் போர்சிக். எப்படி என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)