காற்றா, தண்ணீரா? ஹோண்டா விட்டுக்கொடுத்த கதை

டுரியான் பருவம் வந்துவிட்டால் பாலிக் புலாவ் மலைத் தோட்டங்களில் கப்சாய் மோட்டார் சைக்கிள்களின் ஓசை ஓயாது. கூடை நிறையப் பழங்களுடன் செங்குத்தான பாதையில் ஏறி இறங்கும் பழைய கப்சாயில் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீர் பம்பும் இல்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகத் தகடுகளின் மேல் வீசும் காற்றே அதன் சூட்டைத் தணிக்கிறது.

ஹோண்டா மோட்டார் சைக்கிள்களை இந்நாட்டில் பரப்பியவர் பினாங்கைச் சேர்ந்த டான்ஸ்ரீ லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பேருந்து கழுவி, மெக்கானிக்காக உழைத்து உயர்ந்தவர் அவர். 1958-ல் ஜப்பானில் வெளிவந்த 49 சிசி சூப்பர் கப், குறைந்த எண்ணெயில் அதிக தூரம் ஓடிப் பெயர் பெற்றது. 2017-ல் அதன் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியது.

மோட்டார் சைக்கிளுக்கு நன்மை செய்த காற்று, காருக்கும் செய்யாதா? ரேடியேட்டரும் தண்ணீரும் இல்லையென்றால் எடை குறையும். எடை குறைந்தால் எண்ணெய் மிச்சமாகும். இந்தக் கணக்கை நம்பியவர்கள் பலர். ஃபோக்ஸ்வாகன் பீட்டல் காற்றால் குளிரும் இயந்திரத்துடனேயே 2003 வரை 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் தயாரானது. பிரான்சில் 1948-ல் அறிமுகமான சிட்ரோயன் 2சிவி, வெறும் 375 சிசி இயந்திரத்துடன் விவசாயிகளைச் சுமந்தது.

ஹோண்டா நிறுவனர் சொய்ச்சிரோ ஹோண்டாவும் இதே கட்சிதான். தண்ணீரின் சூட்டையும் கடைசியில் காற்றுதானே தணிக்கிறது, பிறகு இடையில் தண்ணீர் எதற்கு என்பது அவர் வாதம். 1969-ல் விற்பனைக்கு வந்த ஹோண்டா 1300 அந்தப் பிடிவாதத்தில் பிறந்தது. ஆனால் சத்தத்தை அடக்கவும் சூட்டைக் கட்டுப்படுத்தவும் இரட்டைச் சுவர் வைத்து வார்த்ததில் இயந்திரம் கனத்துப்போனது. எடையைக் குறைக்க வந்த வழியே எடையைக் கூட்டியது!

இளம் பொறியியலாளர்களுக்கு வேறொரு கவலையும் இருந்தது. காற்றால் குளிரும் இயந்திரத்தின் வெப்பம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அதிகச் சூட்டைச் சமாளிக்கக் கூடுதல் பெட்ரோல் கலக்க வேண்டிவரும். எண்ணெயும் வீணாகும், புகையும் கூடும். அமெரிக்காவோ 1970-ல் கடுமையான புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது.

ததாஷி குமே போன்றவர்கள் தண்ணீர்தான் தீர்வு என்று வாதாடினர். நிறுவனரை எதிர்ப்பதா என்று பலர் தயங்கியபோது, துணைத்தலைவர் தக்கேயோ ஃபுஜிசாவா அவரிடமே நேராகக் கேட்டார்: நீங்கள் நிறுவனத்தின் தலைவரா, பொறியியலாளரா? தலைவராகவே இருக்கிறேன் என்ற சொய்ச்சிரோ, தண்ணீருக்குச் சம்மதித்தார்.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 1972-ல் தண்ணீரால் குளிரும் சிவிக் பிறந்தது. அடுத்த ஆண்டு வந்த சிவிசிசி இயந்திரம், புகை வடிகட்டும் கருவி எதுவுமின்றியே அமெரிக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. எண்ணெய் விலை ஏறிய அந்தக் காலத்தில், சிக்கனத்திலும் சிவிக் முன்னணியில் நின்றது.

சொய்ச்சிரோ 1973-ல் ஓய்வு பெற்றார். அவரை எதிர்த்து வாதாடிய குமே, 1983-ல் அதே நிறுவனத்தின் தலைவரானார். மலைப் பாதையில் ஏறும் கப்சாய்க்குக் காற்று போதும். காருக்குப் போதாது என்று ஒப்புக்கொள்ளத்தான் ஒரு பெரிய மனிதருக்குப் பெரிய மனம் வேண்டியிருந்தது.