எனக்கு முன்னாடி 14 பேர்

டொராண்டோவில் இருக்கிற என் ஃபிரெண்ட் ஒருத்தன் போன மாசம் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். அவங்க ஊர் பப்ளிக் லைப்ரரியோட ஆப்ல ஒரு இ-புக் கேட்டிருக்கான். எல்லாப் பிரதிகளும் இரவலில் இருக்கு, உங்களுக்கு முன்னாடி 14 பேர் காத்திருக்காங்கன்னு பதில் வந்திருக்கு. அதுக்குக் கீழே அவனோட கேள்வி: "டேய், இது ஒரு ஃபைல்தானே? காப்பி பண்ணா ரெண்டு செகண்ட். இதுக்கு எதுக்குடா க்யூ?"

நியாயமான கேள்வி. ஆனா அதுக்குப் பதில் தேடப் போனப்போ எனக்கு வேறொரு கேள்வி மாட்டிக்கிச்சு. ஒரு புத்தகம் இன்னொருத்தர் கையில் இருக்கும்போது, "எனக்கும் அது வேணும்"னு சொல்லி வைக்க லைப்ரரியில் எப்போ ஒரு இடம் வந்தது? அந்த 14 என்ற எண்ணை லைப்ரரியால எப்படிச் சொல்ல முடிஞ்சது? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்திதான்.

முதலில் பேரேடு. பழைய இரவல் நூலகங்கள் பலவற்றில் ஒரு தடிமனான கணக்கு நோட்டு இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். எந்தப் புத்தகத்தை என்றைக்கு எடுத்தார், என்றைக்குத் திருப்பினார் என்று அதில் எழுதுவார்கள். நம்ம தெரு மளிகைக் கடையில் இருக்கிற கடன் நோட்டை யோசிச்சுப் பாருங்க. "குமார் எவ்வளவு பாக்கி?"ன்னு கேட்டா கடைக்காரர் உடனே சொல்லிடுவார். "இந்த மாசம் துவரம் பருப்பு யார் யார் வாங்கினாங்க?"ன்னு கேட்டா நோட்டு முழுக்கப் புரட்டணும். நூலகப் பேரேடும் அப்படித்தான். யாரிடம் என்ன இருக்கிறது என்று சொல்லும். ஒரு குறிப்பிட்ட புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் திணறும். நம்ம பாஷையில் சொல்லணும்னா, ஆளோட பேருக்கு இன்டெக்ஸ் இருக்கு, புத்தகத்துக்கு இல்லை.

இந்த இடைஞ்சலைக் காசாக்கிய ஒருத்தரும் உண்டு. லண்டனில் சார்லஸ் எட்வர்ட் மூடி 1842இல் புத்தகங்களை இரவல் தரும் தொழிலைத் தொடங்கினார். வருஷத்துக்கு ஒரு கினி கட்டினால் ஒரு நேரத்தில் ஒரு வால்யூம் எடுத்துக்கலாம். கவனிங்க, ஒரு நாவல் இல்ல, ஒரு வால்யூம். அந்தக் கால ஆங்கில நாவல்கள் பெரும்பாலும் மூன்று வால்யூமாகத்தான் வந்தன. மொத்த விலை ஒன்றரை கினி. சாதாரண ஆள் வாங்கவே முடியாது. ஒரே நாவலை ஒரே வாரத்தில் மூன்று சந்தாதாரர்கள் ஆளுக்கொரு பாகமாகப் படிக்கலாம். நாவலைச் சேர்ந்தாப்ல வீட்டுக்குக் கொண்டுபோகணும்னா சந்தா கூடும். மூடி அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் என்பதால் பதிப்பாளர்களும் அதற்கேற்பவே நாவல்களை வெளியிட்டார்கள். 1894இல் மூடி நிறுவனமும் டபிள்யூ.ஹெச். ஸ்மித்தும் சேர்ந்து, இனி இந்த விலை கொடுக்க மாட்டோம் என்று அறிவித்தன. அதற்கப்புறம் சில வருஷத்திலேயே மூன்று வால்யூம் நாவல் என்ற வடிவமே மறைந்தது. அப்போது லைப்ரரி சொன்னதைப் பதிப்பாளர் கேட்டார். இதை மனசுல வெச்சுக்கங்க, கடைசியில் திரும்ப வருவோம்.

காசு கட்ட முடியாதவங்களுக்கு, வரிப் பணத்தில் நடக்கும் பொது நூலகங்கள் அதே பிரிட்டனில் 1850 சட்டத்துக்குப் பிறகு வரத் தொடங்கின. அங்கே வேறு பிரச்சினை. வாசகர் ஷெல்ஃப் பக்கம் போகவே முடியாது. கவுண்ட்டரில் எண்ணைச் சொல்லணும், ஊழியர் உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து "இல்லை"ன்னு சொல்லணும். அடுத்த எண், மறுபடி "இல்லை". இதுக்கு ஆல்ஃபிரட் காட்கிரீவ் என்ற நூலகர் 1877இல் ஒரு தீர்வு கொண்டுவந்தார். சுவர் மாதிரி ஒரு பெரிய மரச் சட்டம். அதில் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகத்தின் எண். எண் நீலத்தில் தெரிந்தால் புத்தகம் உள்ளே இருக்கு. சிவப்பில் தெரிந்தால் வெளியே போயிருக்கு. வாசகர் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பார்த்துக்கொள்ளலாம்.

பஸ் டிக்கெட் ஆப்ல சீட் மேப் பார்க்கிறோமே, அதே யோசனை. 1877ல, மரத்துல, தகரத்துல.

ஆனா அந்தச் சிவப்பைக் கொஞ்சம் யோசிங்க. புத்தகம் இல்லைன்னு சொல்லும். அதைப் பார்த்துட்டு எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பிப் போனாங்கன்னு சொல்லாது. ஒருத்தர் திரும்பிப் போனாலும் ஐம்பது பேர் போனாலும் பலகையில் அதே சிவப்புதான். வேணும்னு வந்தவங்க வந்த சுவடே இல்லை.

அடுத்து வந்த முறை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், பெயர்தான் தெரியாது. அமெரிக்க நூலகர் நீனா பிரௌன் 1895இல் வடிவமைத்தது. நம்ம ஊர் நூலகங்களிலும் பல தலைமுறை ஓடியது. புத்தகத்துக்குள் ஒரு கார்டு இருக்கும். உங்களிடம் சின்னப் பை மாதிரி ஒரு டிக்கெட் இருக்கும். நீங்கள் புத்தகம் எடுக்கும்போது அந்தக் கார்டை உங்கள் டிக்கெட்டுக்குள் செருகி, ஒரு நீளமான மர டிரேயில் திருப்ப வேண்டிய தேதிவாரியாக அடுக்கி வைப்பார்கள். மூணு டிக்கெட் இருந்தா மூணு புத்தகம், அவ்வளவுதான். எழுத்து வேலையே கிடையாது. புத்தகம் திரும்பி வந்ததும் கார்டு புத்தகத்துக்குள், டிக்கெட் உங்கள் கைக்கு. நீங்கள் என்ன படிச்சீங்க என்பதற்குத் தடயமே மிஞ்சாது. இன்றைய எந்த ஆப்பும் இவ்வளவு பிரைவசி தர்றதில்லை.

இந்த டிரே உடனே பதில் சொல்லும் கேள்வி, "இன்னைக்குத் திரும்பி வர வேண்டியது எது?" என்பது. ஒரு புத்தகத்தை ரிசர்வ் செய்ய வேண்டுமென்றால் ஊழியர் ஒவ்வொரு தேதியாகத் தேடி அந்தக் கார்டைக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடித்ததும் அதன் தலையில் ஒரு கலர் கிளிப் மாட்டுவார். புத்தகம் திரும்பி வரும்போது கார்டை எடுக்கிற ஊழியர் கிளிப்பைப் பார்த்துவிட்டு, புத்தகத்தை ஷெல்ஃபுக்கு அனுப்பாமல் தனியே எடுத்து வைப்பார். காத்திருந்தவருக்கு ஒரு தபால் கார்டு போகும்.

அந்தக் கிளிப் சின்ன விஷயமாத் தெரியலாம். எனக்கு இந்த வரலாற்றிலேயே பெரிய திருப்பம் அதுதான். கண் முன்னால் இல்லாத ஒரு வாசகருக்கு, கண் முன்னால் இல்லாத ஒரு புத்தகத்தின் மேல் பாத்தியதை வந்துடுச்சு.

இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தவர் நம்ம சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். பயிற்சிக்காக லண்டன் போனார், அங்கிருந்த பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1931இல் சென்னையில் அவருடைய நூலக விதிகள் ஐந்தும் புத்தகமாக வந்தன. இரண்டாவது விதியின் சாரம் இது: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைத்தாக வேண்டும். அதற்கான கடமையை அவர் அரசு, நூலக நிர்வாகம், ஊழியர்கள் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, வாசகரையும் விடவில்லை. நம்ம கையில் இருக்கிற புத்தகத்துக்கு வெளியே ஒருத்தர் காத்திருக்கார் என்பதும் அந்த விதிக்குள் வருது.

என் இன்ஜினியரிங் காலேஜ் லைப்ரரியில் இந்தக் கடமை எப்படி இருந்ததுன்னு சொல்லவா? டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் புத்தகம் ரெண்டே பிரதி. செமஸ்டர் நேரத்தில் எங்க க்ளாஸ் பசங்க அதைக் கொண்டுபோய் சிவில் ஷெல்ஃபுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டோம். பசங்கன்னு ஏன் சொல்றேன், நானும்தான். ரிசர்வ்னு ஒன்னு இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பல பல்கலைக்கழக நூலகங்களில் ஒருவர் ரிசர்வ் செய்தால், வைத்திருப்பவரின் தவணையையே குறைத்துப் புத்தகத்தைத் திரும்பக் கேட்பார்கள். வரிசை இருக்கிற இடத்தில் யாரும் ஒளிச்சு வைக்க வேண்டியதில்லை. எங்களைத் தேடி வந்த ஜூனியர்ஸ் எத்தனை பேர் வெறுங்கையோட போனாங்களோ, காட்கிரீவ் பலகை மாதிரி அதுக்கும் கணக்கில்லை.

கம்ப்யூட்டர் வந்ததும் அந்தக் கிளிப் துல்லியமான வரிசையாக மாறியது. ஒரு புத்தகத்துக்கு எத்தனை பேர், யார் எந்த இடத்தில் என்று எல்லாம் தெரியும். வரிசை நீண்டால் இன்னும் பிரதிகள் வாங்குவது பல நூலகங்களின் வழக்கம். நீங்கள் ரிசர்வ் பட்டனை அழுத்துவது கிட்டத்தட்ட ஓட்டுப் போடுற மாதிரி.

இப்போ ஃபிரெண்டோட கேள்விக்கு வருவோம். ஃபைலுக்கு எதுக்கு க்யூ? எழுதினவருக்கும் பதிப்பாளருக்கும் காசு போகணும். ஒரு ஃபைலை ஊருக்கே ஒரே நேரத்தில் தந்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது பதிப்பாளர்களின் பயம். அதனால் காகிதத்துக்கு இயல்பாக இருந்த தட்டுப்பாட்டை, ஒப்பந்தம் போட்டு ஃபைலுக்கும் கொண்டுவந்தார்கள்: ஒரு லைசென்ஸ், ஒரு நேரத்தில் ஒரு ஆள். 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ், ஒரு இ-புக் 26 முறை இரவல் போனதும் நூலகம் மறுபடி வாங்க வேண்டும் என்றது. 2019 நவம்பரில் மேக்மில்லன் ஒரு படி மேலே போனது. புது இ-புக் வெளியான முதல் 8 வாரங்களுக்கு, ஊர் எவ்வளவு பெரிதானாலும், ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதிதான். நூலகங்கள் கடுமையாக எதிர்த்தன. 2020 மார்ச்சில் மேக்மில்லன் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. கொரோனாவால் நூலகங்கள் மூடியிருந்த நேரத்தில், இன்டர்நெட் ஆர்க்கைவ் தன்னிடம் ஸ்கேன் செய்து வைத்திருந்த சுமார் 14 லட்சம் புத்தகங்களுக்குக் காத்திருப்பு வரிசையையே நிறுத்தி வைத்தது. யார் வேண்டுமானாலும் உடனே எடுக்கலாம். ஜூன் மாதம் நான்கு பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. வரிசை இல்லாத அந்தச் சேவை அதே மாதம் மூடப்பட்டது. வழக்கு அதோடு நிற்கவில்லை. வரிசையோடு ஸ்கேன் பிரதிகளை இரவல் தருவதும் சேர்ந்து கேள்விக்குள்ளானது. 2023இல் தீர்ப்பு ஆர்க்கைவுக்கு எதிராக வந்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

யார் பக்கம் நியாயம்னு நீங்களே யோசிச்சுக்கங்க. எழுத்தாளருக்குக் காசு போகணும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னை உறுத்துவது வேறு. மூடி காலத்தில் லைப்ரரி நிபந்தனை போட்டது, பதிப்பாளர் வளைந்தார். இப்போது பதிப்பாளர் நிபந்தனை போடுகிறார். மேக்மில்லன் விதி இருந்த அந்தச் சில மாதங்களில், தன் வரிசையில் 14 பேர் நிற்பதோ 400 பேர் நிற்பதோ நூலகருக்குத் துல்லியமாகத் தெரியும். கையில் காசும் இருக்கும். ஆனால் இரண்டாவது பிரதி வாங்க முடியாது. காட்கிரீவின் சிவப்புக்குத் தேவை எவ்வளவுன்னு தெரியாது. இங்கே தெரிஞ்சும் ஒன்னும் பண்ண முடியலை.

ஃபிரெண்டுக்கு இதையெல்லாம் வாய்ஸ் நோட்டாப் போட்டுட்டு, கடைசியா ஒன்னு சொன்னேன்: "க்யூவை விட்டு வெளியே வந்துடாதடா. நீ நின்னாதான் அது 15."

உங்களுக்கும் அதேதான். அடுத்த முறை உங்க ஏரியா கிளை நூலகத்தில் கேட்ட புத்தகம் வெளியே போயிருந்தா, சும்மா திரும்பிடாதீங்க. வந்தா எனக்குச் சொல்லுங்கன்னு நூலகர்கிட்ட பேரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்துட்டு வாங்க. உங்க பையில தவணை தாண்டின புத்தகம் ஏதாவது இருந்தா, அதையும் இந்த வாரமே கொடுத்துடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.